திருகாணி இல்லாத கொப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை: இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, பூசணிக்காய்ச் சாம்பார், மோர். ராத்திரி: கேப்பைக் கூழ். நடை: ஆடுகளுக்குப் பின்னால் கரட்டுக் குன்று வரை போய்த் திரும்பியது.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா இப்படித்தான் எழுதச் சொன்னார். ஒரு மாதம் தின்றதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரைக்கு மாத்திரை போதுமா, தினமும் ஊசி போட வேண்டுமா என்று சொல்வேன் என்றார். ஊசி என்றால் எனக்கு ஆகவே ஆகாது. அதனால் எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஏழு மாதம் வெற்றாகக் கிடந்ததை இன்றைக்குத்தான் திறந்தேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாவதோடு சரி. மிச்ச எழுத்தெல்லாம் டீக்கடைப் பேப்பரைக் கூட்டிக் கூட்டிப் படித்ததில் வந்தது. அதனால் எனக்குப் பேப்பரில் இருப்பது போலத்தான் எழுத வரும். பேசுவது வேறு.

இன்றைக்குத் தங்கச்சி காமாயி வந்தாள். அவள் மகள் அபிநயாவுக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி கல்யாணம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாய்மாமன் பந்தலில் வைத்துப் பெண்ணுக்குக் கொப்புப் போட வேண்டும். கொப்பு என்றால் மேல்காது மடலில் போடுகிற தங்க நகை. வலது காதில் மட்டும் போடுவோம். அதன் தண்டைத் துளைக்குள் விட்டுப் பின்பக்கம் திருகாணியைத் திருக வேண்டும். பெண்கள் குலவை போடுவார்கள். அது முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை கைக்குத் தாலி போகும். கொப்பு ஏறாமல் ஒரு பெண் உட்கார்ந்தால் மாமன் இல்லாத பெண் என்பார்கள். நானோ இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

காமாயி வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அண்ணே, அபி மேல்காது குத்த மாட்டேங்குறா."

"குத்தாமக் கொப்ப எங்கிட்டுப் போடறது? மூக்குலயா?"

"கவ்வி போட்டுக்கிறாளாம். இயர் கஃப்புங்குறா. துளையே வேணாமாம். சும்மா காதக் கவ்விக்கிட்டு நிக்குமாம்."

"கொடியில துணி பறக்காம இருக்கப் போடுவமே, அந்தக் கிளிப்பா?"

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுற? அவகிட்டக் கேளு."

கேட்கத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இட்லி நான்கு. என் வீட்டுக்காரி ஒச்சம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஆறு என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை: கம்பங்கூழ், மோர் மிளகாய். மதியம்: சோறு, கருவாட்டுக் குழம்பு. (கொஞ்சம்.)

அபிநயா வந்தாள். தேனியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு. எப்போதும் போல வலது பக்கத்து முடியை இழுத்துக் காதுக்கு மேலே விட்டிருந்தாள். பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள்.

"இதுதான் மாமா. பாத்துட்டுத் திட்டுங்க."

மோதிரத்தை ஒரு பக்கம் வெட்டி வாயைத் திறந்துவிட்டது மாதிரி ஒரு வளையம். ஊசி இல்லை, முள் இல்லை, திருகாணி இல்லை. மேல்காதில் மெலிந்த இடமாகப் பார்த்து நுழைத்து, மெதுவாகக் கீழே இறக்கி, லேசாகத் திருப்பினால் தடித்த இடத்தில் நின்றுகொள்ளுமாம். முடியைத் தூக்காமலே இடது காதில் மாட்டிக் காட்டினாள்.

"விழாதா?"

"விழாது. பாருங்க."

தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். அது போய்ப் புண்ணாக்கு ஊறிய வாளிக்குள் விழுந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தாள்.

"இதான் நாலு பேருக்கு முன்னால நிக்கப் போகுதாக்கும்?"

"இது கடைச் சாமான் மாமா. யாரு காதுக்கோ செஞ்சது. என் காதுக்குன்னு செஞ்சா நிக்கும்."

"நாங்கல்லாம் நகைக்குத் தக்கன காதக் குத்துனோம். நீ காதுக்குத் தக்கன நகை கேக்குற."

"எங்க கடையில ஒருத்தருக்குக் கண்ணாடி காதுல உக்காரலன்னா, கம்பியச் சூடு காட்டி வளைப்போம் மாமா. காத வளைக்கிறதில்ல."

போகும்போது அந்த டப்பாவை என் டைரி மேலேயே வைத்துவிட்டுப் போனாள். "பாத்துப் பழகிக்கங்க" என்றாள். புண்ணாக்கு வாசம் இன்னும் அடிக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டாக்டரம்மா, இந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிவிடலாம். சாப்பாட்டுச் சமாச்சாரம் கடைசி வரியில் இருக்கிறது.

அபிநயாவுக்கு மேல்காது குத்தாமல் இல்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு ஒன்பது வயதில், குலதெய்வம் கோயில் பொங்கலில் வைத்துக் குத்தியாயிற்று. வழக்கமாகப் பெண் பெரியவளான பிறகுதான் குத்துவார்கள். அந்த வருஷம் என் பங்காளி பொம்மையன் அவன் மருமகள் காதுகுத்துக்கு மேளம் வைத்து, வெடி போட்டு, இருபத்தொரு தட்டு சீர் கொண்டுவந்தான். அந்த மேளக்காரர்களில் ஒருவனுக்கு ஆறு விரல். அவன் நாதஸ்வரம் வாசிக்கும்போது அந்த ஆறாவது விரல் என்ன செய்கிறது என்று பார்க்கவே ஒரு கூட்டம் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் கொப்பு வாங்கியிருந்தேன். அதை அன்றைக்கே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

காது குத்த வந்தவன் மூக்குப்பொடி போடுகிறவன். பொடி போட்ட கையாலேயே குத்தினான். காது பழுத்தது. பதினோராம் நாள் கொப்பைக் கழற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி முளைத்தது. எல்லாம் அந்த ஆளின் கைராசி.

காலை: தோசை மூன்று. மதியம்: சோறு, அவரைக்காய்ப் பொரியல். அதிரசம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கேப்பைக் களி, கீரை.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஆடுகளுக்குக் காது வில்லை மாட்ட வந்தார்கள். மஞ்சள் பிளாஸ்டிக், அதில் நம்பர். எனக்கு எதற்கு நம்பர்? என் ஆடு என்றால் வலது காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். பொம்மையன் ஆட்டுக்கு இரண்டு வெட்டு. நான் பிறந்ததிலிருந்து காது வெட்டைப் பார்த்துத்தான் யாருடைய ஆடு என்று சொல்கிறோம். அரசாங்கத்துக்குச் சொல்லி மாளுமா? ஒரு மறிக்குட்டி துள்ளு துள்ளென்று துள்ளியது. "பின்னங்காலைச் சேத்துப் பிடிங்க பெரியவரே" என்றான் மருந்து போடுகிற ஆள். பிடித்தேன். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் எதுவும் துள்ள முடியாது. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அபிநயா காது பழுத்ததற்கு அவள் சொறிந்ததும் ஒரு காரணம். சொறியாதே என்றால் கேட்கிற வயதா அது?

ஆகஸ்ட் 16, சனி

கொப்பை எடுத்துக்கொண்டு காமாயி வீட்டுக்குப் போனேன். அதே கொப்புத்தான். பதினோரு நாள் போட்டுக் கழற்றியது. பதிமூன்று வருஷமாக என் தகரப் பெட்டியில் காகிதத்துக்குள் கிடந்தது.

"சின்னத் துளையாப் போடச் சொல்லு. ஆசாரிகிட்டச் சொல்லித் தண்டை அரம் போட்டு மெல்லிசா ராவிக்கலாம்" என்றேன்.

காமாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முறத்தைக் கீழே வைத்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவது வழக்கம்.

"மதுரைப் பெரியாஸ்பத்திரியில அந்தக் கட்டிய அறுத்தாங்க. ரெண்டு பங்காத் திரும்ப வந்துச்சு. பெறகு கட்டிக்குள்ளயே ஊசி. மாசம் ஒண்ணு, அஞ்சு மாசம். பஸ்ஸுல வரையிலெல்லாம் என் மடியில முகத்த வச்சுக்கிட்டே வருவா. இவ தோலு அப்படி, இனிமே இந்தப் பிள்ள காதுல ஊசி படக் கூடாதுன்னு சொல்லித்தான் விட்டாங்க. அந்த அஞ்சு ஊசிக்கு நீ ஒண்ணுக்காச்சும் வந்தியாண்ணே?"

"ஆட்டுக்கு அம்மை கண்டுருந்துச்சு."

"அஞ்சு மாசமும் அம்மையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொப்பு இல்லாட்டி நான் பந்தலுக்கே வரல. சம்பந்தி வெள்ளத்தாய் பரிசத்தன்னைக்கே 'மாமன் கொப்பு எத்தன மணிக்கு'ன்னு கேட்டுச்சு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"வராட்டிப் போ. மாமன் இல்லாத பொண்ணுன்னு சொல்லிட்டுப் போறாங்க. பதிமூணு வருசமா அப்படித்தான இருக்கா."

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். வழியில் ஒரு டீ, சீனி இல்லாமல். வடை ஒன்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

காலையில் ஒச்சம்மா குளத்துக்குப் போயிருந்தாள். அந்த டப்பா டைரி மேலேயே கிடந்தது. இது வலிக்குமா, வலிக்காதா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்க்காமல் ஒரு பொருளைத் திட்டுவது நியாயமில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று என் வலது காதில் மாட்டினேன். முதலில் மேலே நுழைத்து, இறக்கி, திருப்பி. நின்றுவிட்டது. வலிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருப்பதே தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வெள்ளத்தாயும் அவள் வீட்டுக்காரர் தவசியும் பத்திரிகை வைக்க வந்துவிட்டார்கள். வாங்க வாங்க என்று கட்டிலில் உட்காரவைத்து, மழை, பருத்தி, ஊர்த் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் பேசினேன். ஒச்சம்மா வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"காதுல என்ன எறும்பா? தேங்காயெண்ணெ விடு" என்றேன்.

மறுபடியும் காட்டினாள்.

"இங்க முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கம்ல!"

வெள்ளத்தாய்தான் கேட்டாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. காதுல என்னமோ போட்டுருக்கீகளே, அது என்ன?"

கை காதுக்குப் போனது. இது அபிநயாவின் கவ்வி என்று சொன்னால் கொப்பு விஷயம் வெளியே வந்துவிடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இது... சுகருக்கு. டாக்டரம்மா மாட்டச் சொல்லிருக்காக."

"சுகருக்கா! காதுலயா?"

"காதுல ஒரு நரம்பு இருக்காம். அத இது பிடிச்சுக்குமாம்."

ஒச்சம்மா குடத்தோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

தவசி முன்னால் குனிந்து என் காதை உற்றுப் பார்த்தார். "எனக்கும் முந்நூறு இருக்கு மச்சான். இது எங்க கிடைக்கும்?"

அவர்கள் போன பிறகு ஒச்சம்மா வெளியே வந்தாள். "இப்படி ஒரு மாமன் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்யா" என்றாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுகாதார நிலையத்து நர்ஸம்மா போன் செய்தார். சர்க்கரைக்குக் காதில் மாட்டுகிற வளையம் எப்போது வரும் என்று இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்களாம். யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை: இட்லி. மதியம்: ஆண்டிபட்டியில் சாப்பாடு, பாயாசம் வேண்டாம் என்றேன். (வைத்துவிட்டான்.)

குருசாமி ஆசாரியிடம் போனேன். கொப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தத் திருகாணியையும் தண்டையும் வெட்டி எடுத்துருங்க."

"நல்லாத்தானய்யா இருக்கு."

"வெட்டுங்க. வெட்டிட்டுப் பின்பக்கம் ஒரு வளைவு வச்சு, கவ்வி மாதிரி ஆக்கணும். துளையில்லாம நிக்கணும்."

ஆசாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "திருகாணி இல்லாட்டி அது கொப்பா? நாளைக்கு யாராச்சும் பாத்துட்டு, குருசாமி வேலையப் பாருன்னு சிரிக்கவா?"

"உம்ம பேரச் சொல்ல மாட்டேன். செய்யும்."

"சரி, காது எம்புட்டுக் கனம்?"

"யாரு காது?"

"யாரு காதுக்குச் செய்யச் சொல்றீரோ அவங்க காது! கனம் தெரியாம எப்படி வளைக்கிறது? நெருக்கமா இருந்தா வலிக்கும். தளர்வா இருந்தா விழும்."

எனக்குத் தெரியவில்லை. என் கிடையில் அறுபத்திரண்டு ஆடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் காதைத் தடவி எது என்று சொல்வேன். மருமகள் காது எத்தனை கனம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரச் சொல்லிப் போன் செய்தேன். கொப்பைக் கவ்வியாக்கப் போகிறேன், காது அளவு வேண்டும் என்றேன். "வர்றேன் மாமா" என்றாள்.

கண்ணாடிக் கடையில் கம்பி அளக்கிற சின்ன அளவுகோல் கொண்டுவந்திருந்தாள். வெளிச்சத்துக்காக வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வலது பக்கத்து முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

அந்தக் காதை நான் பதிமூன்று வருஷமாகப் பார்த்ததில்லை. மடலின் மேல்பக்கம் ஒரு இடத்தில் மடங்கிச் சுருங்கியிருக்கிறது. அங்கே தோல் மட்டும் மெழுகு தடவியது போல மினுங்குகிறது. தொட்டுப் பார்க்க முடியும் என்ற தூரத்தில்தான் நின்றேன். தொடவில்லை. வேப்பமரத்தில் இரண்டு மைனா சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

"எழுதிக்கங்க மாமா. மேல ஓரம் ரெண்டரை மில்லி. தழும்பு இருக்கிற இடம் நாலு. கவ்வி தழும்புல படவே கூடாது. அதுக்கு மேல நிக்கணும். அமுக்கினாலும் கட்டி திரும்ப வளந்துரும்னு ஆஸ்பத்திரியில சொல்லிருக்காங்க."

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: மேலே 2½, தழும்பு 4.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத நாளே முடியத் தூக்கிக் காட்டிட்டேன். அவருக்குத் தெரியும். அவரு அம்மாவுக்குத்தான் தெரியாது."

"தெரிய வேணாம். தலை நிறையப் பூ வச்சுட்டா மறைஞ்சிரும். நான் திருகுற மாதிரி விரலச் சுத்திட்டு எந்திரிச்சிருவேன்."

அவள் அளவுகோலைப் பைக்குள் வைத்தாள். "மாமா, அன்னைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"என்னைக்கு?"

"ஒண்ணுமில்ல."

மோர் குடித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நல்ல மழை. கரட்டுப் பக்கம் இடி விழுந்ததாகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

காது குத்த வந்தவன் மூக்குப்பொடி போடுகிறவன்தான். ஆனால் அன்றைக்குக் கொதித்த தண்ணீரில் கையையும் ஊசியையும் கழுவினான். நான் பார்த்தேன். அபிநயா சொறியவில்லை. காதுப் பக்கமே கையைக் கொண்டுபோகப் பயந்தாள். காமாயி முன்னாலேயே சொன்னாள்: வேணாம்ணே, கைப்பிள்ளையில கீழ்க்காது குத்துனதே ஆற ஆறு மாசம் ஆச்சு, இதுக்கு ஆகாது. குத்துகிறவனும் சொன்னான்: பிள்ள ரொம்பத் துள்ளுது, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். பொம்மையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

நான்தான் குத்து என்றேன். என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். விடு மாமா, விடு மாமா என்றாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நான் விடவில்லை.

ஆட்டுக்கு அம்மை கண்டது ஒரு மாதம்தான்.

இட்லி ஆறுதான், டாக்டரம்மா. முதல் நாளிலிருந்தே ஆறு. அதிரசமும் தின்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

ஆசாரி கொடுத்துவிட்டார். முகப்பு அதே பழைய முகப்பு, சிவப்புக் கல் அப்படியே இருக்கிறது. பின்னால் மட்டும் மொழுமொழுவென்று ஒரு வளைவு. அபிநயா மாட்டிப் பார்த்தாள். முதலில் நெருக்கம். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே விரித்தார். பிறகு தளர்வு. மறுபடி முணுமுணுத்துக்கொண்டே நெருக்கினார். மூன்றாவது தடவை தலையை ஆட்டினாள், குனிந்தாள், குதித்தாள். விழவில்லை. "ம்" என்றார் ஆசாரி. அவர் அதற்கு மேல் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இனி என் பாடுதான். நுழைத்து, இறக்கி, திருப்ப வேண்டும். அது நின்ற பிறகு திருகாணி திருகுவது போல விரலைச் சுற்ற வேண்டும். அபிநயா விட்டுப்போன கவ்வியை வைத்து மறிக்குட்டியின் காதில் போட்டுப் பழகினேன். ஒச்சம்மா பார்த்துவிட்டாள்.

"அதுக்கும் சுகரா?" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குட்டிக்கு என்னைக் கண்டாலே ஓட்டம். கேப்பைக் கூழ் இரண்டு வேளை.

செப்டம்பர் 4, வியாழன்

சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பந்தலில் ஊரே இருந்தது. அபிநயா மணையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய மல்லிகை, வலது காது பாதிக்கு மேல் பூவுக்குள். பித்தளைத் தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் கொப்பு. வெள்ளத்தாய் தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். அத்தனை இடம் கிடந்தது, அங்கேதான் உட்கார வேண்டுமா? காமாயி முகம் வெளுத்திருந்தது. "மாமன்காரர் வாங்க" என்று கூப்பிட்டார்கள். மண்டி போட்டு உட்கார்ந்தேன். குலவை ஆரம்பித்தது.

கொப்பை எடுத்து மேல்காதில் மெலிந்த இடத்தில் நுழைத்தேன். நுழைந்தது. இனி இறக்க வேண்டும். அப்போது அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"விடுங்க மாமா."

விட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகத் திறந்துகொண்டது. கொப்பு இன்னும் உட்காரவில்லை. நழுவித் தோளில் பட்டுப் பித்தளைத் தட்டில் டங்கென்று விழுந்தது. குலவை நின்றுபோயிற்று. மேளமும் நின்றது. எங்கோ ஒரு கைப்பிள்ளை அழுவது மட்டும் கேட்டது.

வெள்ளத்தாய் கொப்பை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். "திருகாணி எங்க?"

ஒரு மாதமாக மறைத்தது, ஆசாரியிடம் பேச்சு வாங்கியது, குட்டியைத் துரத்தித் துரத்திப் பழகியது, எல்லாம் போயிற்று. காமாயி கண்ணை மூடிக்கொண்டாள். நான் "அது வந்து..." என்றேன்.

அதற்குள் அபிநயா பூவை ஒரு கையால் ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அத்தனை பேருக்கு முன்னால்.

"திருகாணி கிடையாது அத்தை. சின்ன வயசுல குத்தி இப்படி ஆயிருச்சு. இனிமே என் காதுல துளை போடக் கூடாது. இது கவ்வி. கவ்விக்கிட்டு நிக்கும்."

வெள்ளத்தாய் காதைப் பார்த்தாள். கொப்பைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது சுகருக்குப் போடறதுல்ல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அட பாவி மனுசா! எங்க வீட்டுக்காரரு பேன்சி ஸ்டோர்ல வாங்கி, பத்து நாளா ராத்திரியும் கழட்டாமப் போட்டுக்கிட்டு அலையிறாரே!"

எல்லோரும் திரும்பினார்கள். முன்வரிசையில் பட்டு வேட்டியோடு தவசி உட்கார்ந்திருந்தார். வலது காதில் பளபளவென்று ஒரு வளையம். அவர் மெதுவாகக் கையைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டார். "முந்நூறு இருநூத்து எம்பதா இறங்கியிருக்கு" என்றார்.

பந்தல் சிரித்த சிரிப்பில் மேளக்காரருக்கே சிரிப்பு அடங்கவில்லை. வெள்ளத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடுங்கண்ணே. பிள்ளைக்கு வலிக்காமப் போடுங்க. ஏ பொம்பளைகளா, குலவையப் பாதியில விடுறது எந்த ஊருப் பழக்கம்?"

குலவை மறுபடி எழுந்தது. அபிநயா காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"வலிச்சுதா ஆத்தா?"

"இல்ல மாமா."

"பெறகு எதுக்கு விடச் சொன்ன?"

அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "விடுவீங்களான்னு பாத்தேன்."

நுழைத்தேன், இறக்கினேன், திருப்பினேன். நின்றுகொண்டது. திருகுவது போல விரலைச் சுற்றவில்லை. பொம்மையன் வந்திருந்தானா, எங்கே உட்கார்ந்திருந்தான் என்று இப்போது ஒச்சம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

ஜிலேபி மூன்று. பாயாசம் இரண்டு தம்ளர். லட்டு ஒன்று, பையில் போட்டுக் கொடுத்தது இன்னொன்று.

செப்டம்பர் 8, திங்கள்

காலை: ஒன்றும் சாப்பிடவில்லை, ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா, டைரியை இப்போது உங்களிடம் கொடுக்கப் போகிறேன். சாப்பாடு எழுதியதில் ஆகஸ்ட் 27-க்கு முன்னால் உள்ளதை நம்ப வேண்டாம். காது வளையம் கேட்டு வந்த ஏழு பேரையும் என் வீட்டுக்கு அனுப்புங்கள், நானே சொல்லிக்கொள்கிறேன். இதையெல்லாம் படித்தால் நீங்கள் ஊசிதான் எழுதுவீர்கள். எழுதுங்கள். முதல் ஊசிக்கு நான் கொஞ்சம் துள்ளுவேன். யாரையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு நிமிஷம் விட்டால் நானே உட்கார்ந்துவிடுவேன். அபிநயா கூட வருகிறாள். வாசலில் நின்று கூப்பிடுகிறாள்.